கடன் கரைச்சலை முதலில் யாரிடம் சொல்வது?

கொழும்பில் கடன் தனியாக வருவது குறைவு. கிரெடிட் காட்டில் கொஞ்சம், த்ரீவீல் லீசிங்கில் கொஞ்சம், வீட்டு அட்வான்ஸுக்காகக் கழித்து எடுத்த சீட்டு, செட்டியார் தெருவில் அடகில் கிடக்கும் இரண்டு காப்பு, கனடாவில் இருக்கும் மச்சானிடம் வாங்கிய கைமாற்று என்று ஒன்றுக்குப் பின்னால் ஒன்றாகச் சேர்ந்துவிடும். தொகையைக் கூட்டிப் பார்க்கக் கல்குலேட்டர் போதும். தெரியாத இலக்கத்திலிருந்து போன் வந்தாலே வயிறு கலங்குகிறதே, விடிய மூன்று மணிக்கு முழிப்பு வருகிறதே, பிள்ளை ஐநூறு ரூபா கேட்டால் எரிந்து விழுகிறோமே, அதற்குத்தான் வழி தெரிவதில்லை.

கடனை அடைக்கும் வழிகளைப் பற்றிப் பலர் எழுதிவிட்டார்கள். அதைச் சுமக்கிற ஆள் முதலில் யாரிடம் வாய் திறப்பது என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறேன். வீடு, சொந்தக்காரர், கடன் கொடுத்த இடம், முன்பின் தெரியாத ஒருவர். ஏறக்குறைய இவ்வளவுதான். ஒருவரிடமும் சொல்லாமல் இருப்பதும் ஒரு தெரிவுதான். அதிகம் பேர் எடுப்பதும் அதைத்தான்.

சொல்லாமல் இருப்பதை எடுத்தவுடன் பிழை என்று தள்ள மாட்டேன். சம்பளம் ஒரு கிழமை பிந்துகிறது, அதுவரை ஒரு தவணை இழுபடுகிறது என்றால் ஊரைக் கூட்டத் தேவையில்லை. சிக்கல் எங்கே வருகிறது என்றால், மாதக் கணக்கில் தனியாக யோசிக்கத் தொடங்கும்போது. 2013இல் சயன்ஸ் சஞ்சிகையில் ஓர் ஆய்வு வந்தது. தமிழ்நாட்டின் விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களின் கரும்பு விவசாயிகளுக்கு அறுவடைக்கு முன்னும் பின்னும் ஒரே வகைப் புதிர்களைக் கொடுத்துப் பார்த்தார்கள். அடகும் கடனுமாகக் கையைப் பிசைந்துகொண்டிருக்கும் அறுவடைக்கு முந்திய நாட்களில் அதே மனிதர்கள் கூடுதலாகப் பிழை விட்டார்கள். காசு கைக்கு வந்த பிறகு நன்றாகச் செய்தார்கள். ஆள் அதே ஆள், மூளையும் அதே மூளை. காசுக் கவலை அதில் ஒரு பங்கைப் பிடித்து வைத்திருந்தது.

இதை நான் அடிக்கடி நினைப்பேன். ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன், அதை அடைக்கப் போனில் பத்து நிமிடத்தில் காசு தரும் ஆப் ஒன்று: இந்த முடிவுகளை யாரும் மத்தியானம் நாலு பேரோடு இருந்து எடுப்பதில்லை. இரவில், தனியாக, போர்வைக்குள் எடுக்கிறார்கள். அந்த ஆப்களில் சில, போனில் உள்ள இலக்கங்களையெல்லாம் பார்க்க அனுமதி வாங்கிக்கொள்ளும். தவணை தப்பினால் மாமனாருக்கும் வேலைத்தல மேலதிகாரிக்கும் அழைப்புப் போகும். ஒருவருக்கும் தெரியக்கூடாது என்று எடுத்த கடன், எல்லோருக்கும் ஒரே நாளில் தெரிந்துவிடும்.

அடுத்தது வீடு. என்னைக் கேட்டால் பெரும்பாலானோருக்கு முதலில் போக வேண்டிய இடம் இதுதான், ஆனால் மிகக் கடினமானதும் இதுதான். கணவன் மனைவிக்கு மறைக்கிறான் என்பது தெரிந்த கதை. மனைவி சீட்டுக் காசையும் குழுக்கடனையும் கணவனுக்கு மறைக்கிற வீடுகளும் கொட்டாஞ்சேனையிலும் மட்டக்குளியிலும் நிறைய உண்டு. இரண்டிலும் பயம் ஒன்றுதான்: ஏச்சு விழும், நம்பிக்கை போய்விடும்.

சொல்கிறதென்றால் முழுத் தொகையையும் ஒரே தடவையில் சொல்லிவிட வேண்டும். இன்றைக்கு மூன்று லட்சம் என்று சொல்லி, அடுத்த மாதம் "இன்னொன்றும் இருக்கு" என்று இழுத்தால், அந்த இரண்டாவது தடவையில்தான் வீடு உடைகிறது. முதல் தடவை வருகிற கோபம் காசு மேல். இரண்டாவது தடவை வருகிறது ஆள் மேல். அதனால் சொல்வதற்கு முன் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: யாருக்கு, எவ்வளவு, மாதத் தவணை என்ன, எந்தத் திகதி, என்ன ஈடு, யார் பிணை. கோபத்தில் கேள்விகள் குறுக்கும் நெடுக்குமாக வரும்போது தாள் உதவும்.

இடமும் முக்கியம். அனெக்ஸ் வீட்டில் மேல் மாடியில் வீட்டுக்காரர், பக்கத்து அறையில் மாமி, நடுவில் பலகைச் சுவர் என்றால் அங்கே வைத்துக் கதைக்க முடியாது. வெள்ளவத்தைக்காரருக்குத் தண்டவாளத்துக்கு அப்பால் கடல் இருக்கிறது, மற்றவர்களுக்குக் காலிமுகத்திடல். நடந்துகொண்டே கதைத்தால் முகம் பார்க்க வேண்டியதில்லை. அது ஒரு பெரிய வசதி. இரவு பத்து மணிக்குப் பிறகு இந்தப் பேச்சைத் தொடங்க வேண்டாம். களைத்த இரண்டு பேர் காசைப் பற்றிக் கதைத்து நல்லது நடந்ததாக நான் அறியேன்.

எவ்வளவு என்பது இரண்டாவது கேள்விதான். "ஏன் எனக்கு முதலே சொல்லேல்ல?" என்பதே முதலில் வரும். அதற்கு நியாயம் அடுக்காமல், பயந்துவிட்டேன் என்று சொல்லிவிடுவதே நல்லது. ஆனால் எல்லாப் பழியையும் தலையில் போட்டுக்கொள்ளவும் தேவையில்லை. 2022 ஏப்ரல் 8ஆம் திகதி மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரே நாளில் 7 வீதப் புள்ளிகள் உயர்த்தியது. அந்த ஆண்டு செப்டம்பரில் கொழும்பு விலைச் சுட்டெண்படி பணவீக்கம் கிட்டத்தட்ட 70 வீதம். அந்தக் காலத்தில் அரிசிக்கும் மருந்துக்கும் பிள்ளையின் வகுப்புக்கும் கிரெடிட் காட்டைத் தேய்த்தவர்கள் இன்னும் அந்த மிச்சத்தைக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். அதை ஊதாரித்தனம் என்று யாரும் சொல்ல முடியாது. எந்தக் கடன் எதற்காக வந்தது என்று தாளில் பக்கத்தில் எழுதிவிட்டால், கணக்குக் கேட்பவருக்கும் விளங்கும், எழுதியவருக்கும் நெஞ்சு கொஞ்சம் லேசாகும்.

வீட்டை முதலில் வைக்கக் கூடாத சந்தர்ப்பங்களும் உண்டு. கை ஓங்குகிற வீடு என்றால் அங்கே தனியாக இருந்து இதைச் சொல்லாதீர்கள். சூதாட்டத்தால் வந்த கடன் என்றாலும், அந்தப் பழக்கத்துக்கு உதவி தேடிய கையோடு சொல்வது நல்லது. இல்லாவிட்டால் வீட்டார் நகையை விற்று அடைப்பார்கள், ஆறு மாதத்தில் மறுபடியும் வரும். பிள்ளைகளுக்குத் தொகை தெரிய வேண்டியதில்லை. அவர்களுக்கு மாறப்போவதை மட்டும் சொன்னால் போதும்: இந்த வருடம் வான் இல்லை, பஸ்ஸில் போகிறோம். பத்து வயதுப் பிள்ளைக்கு வீட்டில் ஏதோ சரியில்லை என்பது எப்படியும் தெரியும். சொல்லாவிட்டால் அதைவிடப் பெரிய ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளும்.

சொந்தக்காரர் என்றால் நம்மில் பாதிப் பேருக்கு அது வெளிநாட்டு இலக்கம். "சும்மாதான் எடுத்தனான்" என்று தொடங்குகிற அழைப்பு எதற்கு என்று இரண்டு பக்கத்துக்கும் தெரியும். என்னுடைய அபிப்பிராயம்: காசு கேட்கிறதென்றால் தொகையையும் திருப்பித் தரும் காலத்தையும் சொல்லிக் கேளுங்கள். மனப்பாரம் இறக்கத்தான் எடுத்தீர்கள் என்றால், "காசுக்காக எடுக்கேல்ல அண்ணா, கொஞ்சம் கதைக்க வேணும்" என்று முதல் வசனத்திலேயே சொல்லிவிடுங்கள். இரண்டையும் கலந்தால் கேட்கிறவர் அழுகையைக்கூட விலைப்பட்டியலாகப் பார்ப்பார். அப்புறம் ஆறுதலும் இல்லை, காசும் இல்லை.

சொந்தத்தில் வாங்கும் காசுக்கு வட்டி இல்லை, ஆனால் வேறு விதமாகக் கட்ட வேண்டியிருக்கும். அவர்கள் வீட்டுக் கலியாணத்தில் புதுச் சேலை உடுத்தினால் ஒரு பார்வை வரும். போட்டோவில் பிரியாணி தெரிந்தாலும் வரும். நாணயத்தையும் ஆரம்பத்திலேயே பேசிவிடுங்கள். 2022 மார்ச் தொடக்கம் வரை அமெரிக்க டொலர் 200 ரூபாவுக்குப் பக்கத்தில் பிடித்து வைக்கப்பட்டிருந்தது. மே மாதம் 360ஐத் தொட்டது. ஆயிரம் டொலர் அனுப்பியவர் ஆயிரம் டொலரை நினைக்கிறார், வாங்கியவர் இரண்டு லட்சத்தை நினைக்கிறார். இடையில் உள்ள ஒன்றரை லட்சத்துக்கு மேல்தான் பல குடும்பங்கள் இன்று பேசாமல் இருக்கின்றன.

கடன் கொடுத்த இடத்துக்கே நேரே போவதைத்தான் ஆட்கள் அதிகம் பயப்படுகிறார்கள். வங்கியும் பதிவுபெற்ற நிதிக் கம்பனியும் என்றால் அந்தப் பயத்தில் பெரும்பகுதி வீண். தவணை தப்புவதற்கு முன் போய், வருமானம் குறைந்ததற்கான ஆதாரத்தைக் காட்டி எழுத்தில் கேட்டால், தவணைக் காலத்தை நீட்டவோ, சில மாதம் வட்டியை மட்டும் கட்டவோ, காட் மிச்சத்தை மாதத் தவணையாக மாற்றவோ இடம் இருக்கிறது. கேட்டதெல்லாம் தரமாட்டார்கள். ஆனால் மூன்று மாதம் போனை எடுக்காமல் இருந்துவிட்டுப் போகிறவருக்கும் முதலே போகிறவருக்கும் அந்த மேசையில் கிடைக்கும் முகமே வேறு.

கிரிப் பற்றியும் ஒரு வார்த்தை. 1990ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த கடன் தகவல் பணியகத்தைத்தான் எல்லோரும் கிரிப் என்கிறோம். "கிரிப்பில் பெயர் விழுந்தால் முடிஞ்சுது" என்பார்கள். ஒழுங்காகக் கட்டுகிறவரின் பெயரும் அங்கே இருக்கிறது. கறுப்புப் பட்டியல் என்று ஒன்றை அவர்கள் வைத்திருப்பதில்லை. உங்கள் அறிக்கையை நீங்களே கட்டணம் கட்டி எடுத்துப் பார்க்கலாம். கற்பனையில் இருக்கிற அறிக்கையைவிடக் கையில் இருக்கிற அறிக்கை எப்போதும் சின்னதாகத்தான் இருக்கும்.

மற்றப் பயம் சிறை. கடனைக் கட்ட முடியாமல் போவது பொதுவாகக் குடியியல் வழக்கு. காசு இல்லாத கணக்குக்குக் காசோலை கொடுப்பது வேறு. அது குற்றவியல் பக்கம் போகலாம். அதனால் யார் வற்புறுத்தினாலும் ஈடாகக் காசோலை எழுதிக் கொடுக்காதீர்கள். வழக்கறிஞர் கடிதம் ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ வந்து, விளங்காமலே ஒரு கிழமை நித்திரை கெட்டவர்கள் இருக்கிறார்கள். புதுக்கடையில் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. வருமானம் குறைந்தவர்களுக்கு அங்கே இலவசமாக உதவி கிடைக்கும். கடிதத்தைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். வசூலிக்க வருகிறவர் கேவலமாகப் பேசினால், திகதி நேரத்தோடு குறித்து, முதலில் அந்த நிறுவனத்துக்கே எழுத்தில் முறையிடுங்கள். சரிவராவிட்டால் மத்திய வங்கியின் நிதி வாடிக்கையாளர் தொடர்புத் திணைக்களம், இலக்கம் 1935. வங்கியோடு தகராறு தீராவிட்டால், முறைப்பாடுகளைக் கேட்டுத் தீர்க்கும் நிதி ஒம்புட்ஸ்மனிடமும் போகலாம்.

வங்கிக் கடனில் அதிகம் பேர் மறக்கிற ஒருவர் இருக்கிறார்: பிணை நின்றவர். கந்தோரில் பக்கத்து மேசைக்காரராக இருப்பார். வங்கிக் கடிதம் அவர் கைக்குப் போவதற்கு முன் நீங்கள் போய்ச் சொல்லிவிட வேண்டும். கடன்பட்டவருடைய மனவேதனையில் பாதி, தினமும் அந்த மனிதரோடு தேநீர் குடித்துக்கொண்டு ஒன்றும் நடக்காத மாதிரி இருப்பதில்தான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. சொன்னால் ஏசுவார். நாலு நாள் பேசமாட்டார். கடிதத்தைப் பார்த்து அறிந்துகொண்டால் என்றைக்கும் பேசமாட்டார்.

சீட்டுக் கடன் இன்னொரு ரகம். அங்கே பயம் கிடையாது, வெட்கம்தான். சீட்டுப் பிடிக்கிற அக்கா உங்கள் பங்கையும் சேர்த்து மற்றவருக்குக் கொடுத்தாக வேண்டும். அவரிடம் கடைசி நாளில் போய் நிற்பது அநியாயம். இன்னும் எடுக்காத சீட்டு என்றால், அதை வேறொருவர் ஏற்றுக் கட்டலாமா என்று கேளுங்கள். எடுத்த சீட்டு என்றால் என் கட்சி இதுதான்: கிரெடிட் காட்டைவிட இதை முதலில் கட்டுங்கள். கணக்குத் தெரிந்தவர்கள் என்னோடு சண்டைக்கு வருவார்கள் என்று தெரியும். 2023 ஆகஸ்டில் மத்திய வங்கி வைத்த உச்ச வரம்பு கிரெடிட் காட்டுக்கு 28 வீதம், தங்க அடகுக்கு 18 வீதம். மூன்று லட்சம் காட் மிச்சத்துக்கு 28 வீதம் என்றால் மாதம் 7,000 ரூபா வட்டி. சீட்டைப் பிந்தினால் வட்டியே இல்லை. கணக்குப்படி காட்தான் முதல். ஆனால் சீட்டுக் காசைப் பிந்தியவர் அந்த ஒழுங்கையால் நடக்கமாட்டார், கோயிலுக்குப் போகமாட்டார், கடைக்குப் பிள்ளையை அனுப்புவார். காட் கம்பனிக்காரர் உங்கள் ஒழுங்கையில் இல்லை. காட்டுக்குக் குறைந்தபட்சத் தொகையைத் தவறாமல் கட்டிக்கொண்டு சீட்டை முடிப்பதால் கூடப் போகிற வட்டியை, நான் நித்திரைக்குக் கொடுத்த விலை என்றே எடுப்பேன்.

அதே மூன்று லட்சத்தை நகை அடகுக்கு மாற்றினால் 18 வீதத்தில் மாதம் 4,500தான் வட்டி. 2,500 மிச்சம். செய்யலாம், அந்த நகை யாருடையது என்று கேட்ட பிறகு. மனைவியின் தாலிக்கொடி என்றால் அவர் ஓம் என்று சொன்னாலும் இன்னொரு தரம் கேளுங்கள். வெறுங்கழுத்தோடு கலியாண வீட்டுக்குப் போவது அவர், நீங்கள் அல்ல.

நாள் வட்டிக்காரரிடம் மனம் விட்டுப் பேச ஒன்றுமில்லை. தனியாகப் போகாதீர்கள், வெற்றுத் தாளில் கையெழுத்து வைக்காதீர்கள், வங்கி அட்டையையும் பின் இலக்கத்தையும் ஒப்படைக்காதீர்கள், கட்டிய ஒவ்வொரு நூறுக்கும் துண்டு வாங்குங்கள். மிரட்டினால் பொலிஸ்.

கடைசி வாசல் முன்பின் தெரியாதவர். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கம் 24 மணி நேரமும் வேலை செய்கிறது. 1333 என்ற இலக்கத்திலும் ஆலோசகர்கள் இருக்கிறார்கள். சுமித்ரயோ அமைப்பு கொழும்பு 7, ஹோட்டன் பிளேஸில் இருக்கிறது. பெயர் சொல்லத் தேவையில்லை, காது கொடுத்துக் கேட்பார்கள். எங்கே எடுத்தாலும் தமிழில் கதைக்க வேண்டும் என்று முதலே கேட்டுக்கொள்ளுங்கள். இவர்களால் ஒரு சதம்கூடக் குறைக்க முடியாது. ஆனால் ஊரில் ஒருவருக்கும் போய்ச் சேராது, உங்களிடம் இவர்களுக்குக் காசு வரவேண்டியதும் இல்லை. வீட்டில் சொல்லப் போவதற்கு முன் ஒரு தரம் சொல்லிப் பார்க்க இதைவிட நல்ல இடம் கிடையாது.

"அங்கொடைக்குப் போகிற அளவுக்கு எனக்கு விசர் இல்லை" என்பார்கள். மனநல ஆஸ்பத்திரி அங்கே இருப்பதால், கொழும்பில் வளர்ந்த எல்லோரும் அந்தப் பகிடியோடுதான் வளர்ந்தோம். அரச ஆஸ்பத்திரிகளில் மனநல கிளினிக் இருக்கிறது, இலவசம். பல்லு வலிக்குப் போகிற மாதிரிப் போய்விட்டு வரலாம். இரண்டு கிழமைக்கு மேல் நித்திரையும் சாப்பாடும் இல்லை, எதிலும் மனம் போகவில்லை என்றால் அது வெறும் கவலை என்ற எல்லையைத் தாண்டியிருக்கலாம். செத்தால் தீர்ந்துவிடும் என்ற நினைப்பு வருகிறதென்றால் மேலே சொன்னதையெல்லாம் விடுங்கள். வங்கியும் சீட்டும் பிறகு. 1926ஐ உடனே எடுங்கள், இல்லாவிட்டால் ஆஸ்பத்திரிக்குப் போங்கள், நம்பிக்கையான ஒருவரைப் பக்கத்தில் இருக்கச் சொல்லுங்கள். ஏற்கெனவே ஏதாவது செய்துவிட்டு, பொலிஸ் கேஸ் ஆகும் என்று ஆஸ்பத்திரிக்குப் போகப் பயப்படுகிறவர்களும் இருக்கிறார்கள். இலங்கையில் தற்கொலை முயற்சி 1998க்குப் பிறகு குற்றம் அல்ல.

செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் மெழுகுதிரியோடு நிற்கிறவர்களில் எல்லாச் சமயத்தவரும் இருப்பார்கள்; அவர்களில் எத்தனை பேர் கடனுக்காக நிற்கிறார்கள் என்று அந்தோனியாருக்குத்தான் வெளிச்சம். அங்கே அரை மணி நேரம் மூச்சு விட முடிகிறதென்றால் போங்கள். சாத்திரியார் விஷயத்தில் மட்டும் எனக்கு ஒரு சந்தேகம். ஏழரைச் சனி இத்தனையாம் மாதம் முடிகிறது என்று சொன்னதும் மனம் ஆறும், உண்மை. ஆனால் அதுவரை தவணையைத் தள்ளிப்போடவும் சொல்லும். பரிகாரத்துக்கு 25,000 என்றால் தாளில் இன்னொரு வரி கூடுகிறது.

ஆக என் ஒழுங்கு இப்படி: மனம் மோசமாக இருந்தால் தெரியாதவர் முதல். இல்லாவிட்டால் வீடு, அடுத்த நாளே பிணை நின்றவரும் சீட்டு அக்காவும், அந்தக் கிழமைக்குள் வங்கி. சொந்தக்காரர் கடைசி. வங்கி என்ன தருகிறது என்று தெரிந்த பிறகுதான் அவர்களிடம் எவ்வளவு கேட்பது என்று தெரியும்.

வீட்டில் சொன்ன பிறகு இரண்டு மூன்று நாள் நன்றாக நித்திரை வரும். அப்புறம் புதுக் கரைச்சல் ஒன்று தொடங்கும்: ஒருவர் மற்றவரின் ஒவ்வொரு செலவையும் கண்ணால் எடைபோடுவது. அதற்குக் கிழமையில் ஒரு நாள் வைத்து, அன்றைக்கு மட்டும் காசைப் பற்றிக் கதையுங்கள். மற்ற நாட்களில் அந்தத் தாளை எடுக்க வேண்டாம். கடன் எவ்வளவு இறுக்கினாலும் இருவருக்கும் மாதம் ஆளுக்கு ஆயிரமோ இரண்டாயிரமோ கணக்குக் கேட்காத காசாக ஒதுக்குங்கள். பிளேன்டீயும் வடையும் சாப்பிட்டாலும் சரி, தலைக்குப் பூ வாங்கினாலும் சரி. லொத்தர் மட்டும் வேண்டாம்.